அந்தப் பதினொரு நிமிடம்

ஃப்ளைட் மோடில் போட்டால் போதும், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் போன் பார்க்கலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013-லேயே சொல்லிவிட்டது. சரி, போன் சிக்னல் விமானக் கருவிகளைக் குழப்பிவிடும் என்ற பயம் எனக்கும் இல்லை. என் கவலை காதைப் பற்றியது, இயர்போன் மாட்டியிருந்தால் பணியாளர்கள் சொல்வது கேட்காதே என்று. கிளம்பிய முதல் 3 நிமிடம், தரைதொடும் முன் கடைசி 8 நிமிடம், இதுதான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்று விமானத் துறையில் சொல்வார்கள். அவசரம் என்றால் 90 விநாடிக்குள், அதுவும் பாதி வாசல்கள் வழியாகவே, எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் பெரிய விமானத்துக்கு அனுமதி. போன வாரம் பக்கத்து இருக்கைப் பையன் இரண்டு காதிலும் இயர்போன், மடியில் திறந்த லேப்டாப் என்று உட்கார்ந்திருந்தான். பணிப்பெண் மூன்று முறை கூப்பிட்டும் கேட்கவில்லை, தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தான். போன் கையில் இருக்கட்டும்பா, லேப்டாப்பை மட்டும் உள்ளே வை, காதைத் திறந்து வை என்றேன். உடனே கழற்றிவிட்டான்.