எஸ்தரின் கைக்குட்டை

சார்லஸ் டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலை இந்த மாதம் இரண்டாம் முறையாக வாசித்து முடித்தேன். 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதத் தொடராக வெளிவந்த, 67 அத்தியாயங்கள் கொண்ட பெரிய கதை அது. முதல் வாசிப்பில் என்னைப் பிடித்திழுத்தது, தலைமுறைகளாக நடந்து, கடைசியில் சொத்து முழுவதும் வழக்குச் செலவுக்கே போய்விட்டதால் முடிவுக்கு வரும் ஜார்ண்டைஸ் வழக்குதான். இம்முறை வழக்கு பின்னால் போய்விட்டது. ஒரு சாதாரணக் கைக்குட்டையின் பின்னாலேயே கதை முழுவதையும் கடந்து வந்தேன்.

அது எஸ்தர் சம்மர்சனின் கைக்குட்டை. பெற்றோர் யாரென்றே தெரியாமல், ஞானத்தாய் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெண்மணியிடம் எஸ்தர் வளர்கிறாள். உனக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இல்லாமலே இருந்திருக்கலாம், உன் தாய் உனக்கு அவமானம், நீ அவளுக்கு அவமானம் என்று ஒரு பிறந்தநாளன்றே அந்தக் குழந்தையிடம் அந்தப் பெண்மணி சொல்கிறாள். உண்மையில் அவள் எஸ்தரின் தாயோடு பிறந்தவள். குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்று உடன்பிறந்தவளிடம் பொய் சொல்லிவிட்டு, ரகசியமாக வளர்த்தவள். அதை நம்பிய தாய், சர் லெஸ்டர் டெட்லாக்கை மணந்து, ஊரே அண்ணாந்து பார்க்கும் சீமாட்டியாகிவிடுகிறாள். நாவலில் ஒரு கொலையும் இருக்கிறது. ஆனால் குடும்ப மானத்தின் பெயரால் சொன்ன இந்தப் பொய்தான் அதைவிடப் பெரிய கொடுமை என்று எனக்குப் படுகிறது.

ஒருநாள் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவனின் வீட்டுக்கு எஸ்தர் போயிருக்கும்போது, ஜென்னி என்ற பெண்ணின் மடியில் கிடந்த கைக்குழந்தை இறந்துவிடுகிறது. எஸ்தர் அந்தச் சிறிய உடலை வாங்கிக் கிடத்தி, தன் கைக்குட்டையால் மூடுகிறாள். ஜென்னி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். பின்னொரு நாள், எஸ்தர் நோயிலிருந்து தேறிவரும் சமயத்தில், முகத்திரை அணிந்த ஒரு சீமாட்டி ஜென்னியின் வீட்டுக்கு வந்து எஸ்தரின் நலத்தை விசாரித்து, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, பணம் வைத்துவிட்டுப் போகிறாள். மகள் உயிரோடு இருப்பது லேடி டெட்லாக்குக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

அந்த நோய் வந்த வழியும் இதே பின்னலில்தான் இருக்கிறது. தெரு கூட்டிப் பிழைக்கும் ஜோ என்ற அநாதைச் சிறுவன், பணிப்பெண்ணின் உடையில் வந்த லேடி டெட்லாக்குக்கு ஓர் ஏழையின் புதைகுழியை இடுகாட்டின் இரும்புக் கதவு வழியே காட்டுகிறான். வக்கீல்களுக்கு நகலெழுதிப் பிழைத்து மாண்ட அந்த ஏழை அவளுடைய பழைய காதலன், எஸ்தரின் தந்தை. தாய்க்குக் கல்லறையைக் காட்டிய அதே சிறுவனிடமிருந்துதான் காய்ச்சல் பணிப்பெண் சார்லிக்கும், அவளிடமிருந்து எஸ்தருக்கும் தொற்றி, எஸ்தரின் முகத்தைத் தழும்பாக்குகிறது.

பழைய சாமான் கடைக்காரர் குரூக் தானாகவே எரிந்து கரியாகும் அத்தியாயத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் தாயும் மகளும் மரங்களுக்கிடையே சந்திக்கும் இடத்தில் எந்தக் குறையும் காண முடியாது. லேடி டெட்லாக்கின் கையில் அந்தக் கைக்குட்டை இருக்கிறது. மகளின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். எஸ்தருக்கோ மனம் நன்றியால் நிறைகிறது: முகம் இப்படி மாறிவிட்டதால், இனித் தன் சாயலைக் கொண்டு யாரும் தாயைச் சந்தேகிக்க மாட்டார்களே என்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறந்ததே குற்றம் என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்குத்தான் அப்படி நினைக்க வரும்.

ரகசியம் வெளிப்பட்டதும் லேடி டெட்லாக் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவளுடைய இழுப்பறையில் எஸ்தரின் பெயர் கொண்ட கைக்குட்டையைக் கண்டெடுக்கும் துப்பறிவாளர் பக்கெட், எஸ்தரையே அழைத்துக்கொண்டு பனி கொட்டும் இரவில் தேடிப் போகிறார். தேடல் அந்த இடுகாட்டுக் கதவருகே முடிகிறது. ஜென்னியின் உடையில் படியில் கிடக்கும் பெண்ணை ஜென்னி என்றே எஸ்தர் எண்ணுகிறாள். உடன் வந்தவர்களுக்கு உண்மை தெரியும். அவளைப் போகவிடலாமா என்று அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். போகட்டும், முதலில் தொட வேண்டியவை அவளுடைய கைகள்தான், நம்மைவிட அவற்றுக்கே உரிமை அதிகம் என்று பதில் வருகிறது. எஸ்தர் குனிந்து, கனத்த அந்தத் தலையைத் தூக்கி, முகத்தில் ஒட்டியிருந்த ஈரக் கூந்தலை விலக்குகிறாள்.