மூன்று நாள் துக்கமும் ஒரு பஸ்கா இரவும்

நான் வேலை பார்த்த யூத வீட்டின் பெரியவர் சாபா இறந்தது யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 12ஆம் தேதி விடிகாலை. மாலைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. பெட்டி கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றி, ஜெபத்துக்கு அவர் போர்த்திக்கொள்ளும் சால்வையோடு அப்படியே மண்ணில் இறக்கினார்கள். இஸ்ரேலின் தெற்கிலுள்ள பேர்ஷேவா பாலைவன ஊர். மண்வெட்டியால் அள்ளிப் போடும்போது மண் புழுதியாகக் கிளம்பியது.

அந்த வீட்டில் எனக்கு அது ஐந்தாவது வருடம். முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணை ஹீப்ரூவில் மெட்டபேலெத் என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்த சாவ்தாவைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்தார்கள். சாவ்தா என்றால் பாட்டி, சாபா என்றால் தாத்தா. இருவரும் மொரோக்கோவில் பிறந்து, 1950களில் கப்பலேறி இஸ்ரேலுக்கு வந்தவர்கள். ஹீப்ரூவில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல்; பெரியவர் என்பதற்காக அது மாறாது. நான் மட்டும் மனதுக்குள் "நீங்க" என்று சொல்லிக்கொண்டுதான் சாவ்தாவிடம் பேசுவேன்.

யூதர்கள் துக்கத்துக்கு ஏழு நாள் உட்காருவார்கள். அதற்கு ஷிவா என்று பெயர்; ஏழு என்று அர்த்தம். வீட்டிலுள்ள கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவோம். தாழ்வான முக்காலியில் உட்காருவார்கள், சட்டையின் கழுத்துப்பக்கம் கிழிந்திருக்கும். கதவைத் தாழிடுவதில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வந்தவர்கள் துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை தாங்களாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. முதல் வேளைச் சாப்பாடு அந்த வீட்டில் சமைத்ததாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்தார்கள். இவ்வளவு கருணையான ஒழுங்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அழுவதற்கு ஏழு நாள் இடம் ஒதுக்கி, உலகத்தை வாசலுக்கு வெளியே காத்திருக்க வைக்கும் ஒழுங்கு அது.

ஆனால் நிசான் 15 பஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதன் பண்டிகை.

பண்டிகை வந்தால் ஷிவா முறிந்துவிடும் என்பது சட்டம். மூன்றாம் நாளோடு நிறுத்தி, பிறகு மிச்ச நாளைத் தொடர்வது என்றெல்லாம் இல்லை. மிச்ச நாளே ரத்து. எனக்கு இது முன்பே தெரியாது. 14ஆம் தேதி பிற்பகல் சாவ்தாவின் மகள் வந்து, "கண்ணாடிகளைத் திறந்துவிடு" என்றபோது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது. அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டே விரிப்புகளை எடுத்து மடித்தேன். சாவ்தாவைக் குளிப்பாட்டி, கிழிந்த சட்டையைக் கழற்றி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பொத்தான்களைக் கடைசிவரை அவரே போட்டுக்கொண்டார், நான் கை வைக்க விடவில்லை.

அதற்கு முந்தின இரவுதான் புளித்த மாவைத் தேடும் சடங்கு. பஸ்காவுக்கு வீட்டில் ரொட்டித்தூள்கூட இருக்கக் கூடாது. வாரக்கணக்கில் சுத்தம் செய்த பிறகும், ஒருவர் மெழுகுவர்த்தியும் இறகும் மரக்கரண்டியும் எடுத்துக்கொண்டு மூலைமூலையாகத் தேட வேண்டும். தேடுபவரின் முயற்சி வீணாகாமல் இருக்க, வீட்டாரே பத்து ரொட்டித் துண்டுகளைப் பொட்டலம் கட்டி ஒளித்து வைப்பார்கள். வருடாவருடம் சாபா தேடுவார், பேரன் முன்னால் ஓடிக் காட்டிக்கொடுப்பான். அன்று மருமகன் தேடினார். சுவரோரம் சாவ்தாவும் பிள்ளைகளும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், சாபாவுக்காக ஏற்றிய ஏழு நாள் விளக்கு அலமாரியில் எரிந்துகொண்டிருந்தது, இந்த மனிதர் கையில் இன்னொரு வெளிச்சத்தோடு சோபாவுக்கு அடியில் குனிந்தார். இவர்கள் என்ன மனிதர்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பஸ்கா இரவின் விருந்துக்கு செதெர் என்று பெயர். செதெர் என்றால் வரிசை. எதற்குப் பின் எது என்று முழு இரவும் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. நான்கு கிண்ணம் திராட்சரசம், அதற்கு நடுவே கதை. கீரையை உப்புத்தண்ணீரில் தோய்த்து உண்கிறார்கள், அது கண்ணீர். கசப்பான இலை, அடிமை வாழ்வு. கொட்டைகளும் பழமும் இடித்துக் கலந்த பழுப்புநிற விழுது, எகிப்தில் செங்கல் அடுக்கியபோது பூசிய சாந்து. மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டிய மட்சா, உப்பிவரக் காத்திருக்க முடியாமல் ஓடியவர்களின் அப்பம். எகிப்தில் விழுந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ரசத்தை வெளியே ஊற்றிவிடுகிறார்கள். எதிரிதான் என்றாலும் மாண்டவனை நினைத்துத் தங்கள் கிண்ணத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே இந்தப் பண்டிகையை நான் மதிக்கிறேன்.

எல்லாவற்றையும் தொடங்கி வைப்பது ஒரு குழந்தையின் கேள்வி. வீட்டிலேயே சின்னவர் கேட்க வேண்டும்: இந்த இரவு மற்ற இரவுகளைவிட ஏன் வேறாக இருக்கிறது? ஏழு வயதுப் பேரன் எழுந்து நின்றான். ராகத்தோடு பாட வேண்டிய கேள்வி அது. அவன் பாடாமல், பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல நேராகக் கேட்டான். மேசைத் தலைப்பில் சாபாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஒரு நிமிடம் யாரும் பதில் வாசிக்கத் தொடங்கவும் இல்லை. பிறகு சாவ்தாதான் புத்தகத்தைப் பார்க்காமல் முதல் வரியைச் சொன்னார்: "எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம்."

இருந்தார்கள் என்று இல்லை. இருந்தோம். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ணிக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. எண்ணிப் பார் என்று சும்மா சொன்னால் யாராலும் முடியாது. அதனால்தான் நாக்கில் கசப்பை வைக்கிறார்கள், பல்லில் மட்சாவை உடைக்கிறார்கள்.

மொரோக்கோக்காரர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. செதெர் தட்டைத் தூக்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வட்டமாகச் சுற்றுவார்கள். "அவசரமாக எகிப்தைவிட்டுப் புறப்பட்டோம்" என்று பாடிக்கொண்டே சுற்றுவார்கள். தட்டு மகள் தலைமேல் சுற்றியது, பேரன் தலைமேல் சுற்றியது, என் தலைமேலும் சுற்றியது. சாவ்தா தலைக்கு வந்தபோது பாட்டு தானாகத் தாழ்ந்தது. அவர் கையை மேசையில் தட்டி, சத்தமாகப் பாடுங்கள் என்பதுபோல மருமகனைப் பார்த்தார். பாடினார்கள்.

விருந்து முடிந்து நள்ளிரவு தாண்டி அவரைப் படுக்கவைத்தபோது கேட்டுவிட்டேன். "உங்களால் எப்படி முடிந்தது?" அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை மங்கலாக்கப் போனேன். "அழ ஏழு நாள் வேண்டியிருந்தது, மகளே. மூன்று கொடுத்தார்கள். மீதி என்னிடம்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை" என்றார்.

மகளுடைய கணக்கு வேறு. பல மாதம் கழித்து சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "என் அப்பாவுக்காக அழ விடாமல் ஒரு நாட்காட்டி என்னைத் தடுத்தது. நான் அதை மன்னிக்கவில்லை." பெற்றோருக்கான துக்கம் பன்னிரண்டு மாதம் தொடரும்; பண்டிகை அதை முறிப்பதில்லை. அதை நினைவுபடுத்தினேன். தலையை ஆட்டினாள், சமாதானமாகவில்லை. அவள் சொன்னதைத் தவறு என்று சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை.

ஆனால் அந்த வீட்டில் வருடம் சுழலச் சுழல ஒன்று எனக்குத் தெளிந்தது. பண்டிகை நம் மனநிலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சந்தோஷமாக இருக்கிறாயா, அப்படியானால் கொண்டாடு என்று சொல்வதில்லை. தேதி வந்துவிட்டது, மேசையைப் போடு என்கிறது. சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் சொன்னதாக யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன: நாசே வெநிஷ்மா. செய்வோம், கேட்போம். ஆசிரியரான மருமகன் அந்த வரிசையைத்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார். கேட்டு, புரிந்து, மனம் ஒப்பி, பிறகு செய்வோம் என்று இல்லை. கை முதலில், மனம் பின்னால் வந்து சேரட்டும் என்பது.

இது மறுபக்கமும் வெட்டும். ஆவ் மாதம் 9ஆம் தேதி, எருசலேம் ஆலயம் பாபிலோனியராலும் பிறகு கி.பி. 70இல் ரோமராலும் இடிக்கப்பட்ட நாள். கோடையின் உச்சம், பிள்ளைகளுக்கு விடுமுறை, வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லாத வருடமாகக்கூட இருக்கலாம். அன்று தரையில் உட்கார்ந்து புலம்பல் என்ற வேதநூலை வாசிக்க வேண்டும், தண்ணீர்கூடக் குடிக்காமல். கல்யாணத்திலும் மணமகன் காலால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை உடைக்கிறான், அதே ஆலயத்துக்காக. சிரிப்பவனிடம் கொஞ்சம் அழச் சொல்வதும் அழுபவளிடம் கொஞ்சம் பாடச் சொல்வதும் ஒரே நாட்காட்டிதான்.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அந்த வருடம் என்னைத் தொட்டதுபோல வேறெந்த வருடமும் தொடவில்லை. 25 மணி நேர உபவாசம். நெடுஞ்சாலையில் ஒரு கார் இருக்காது, விமான நிலையமே மூடிக்கிடக்கும். நடுச்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். கடவுளுக்கு விரோதமாகச் செய்த குற்றத்தை அந்த நாள் மன்னிக்கும். மனிதருக்கு விரோதமாகச் செய்ததை, அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும்வரை மன்னிக்காது. இதுவும் மிஷ்னாவில் இருப்பதுதான். ஆகவே அதற்கு முந்தின நாட்களில் எல்லோரும் ஒருவரையொருவர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். சாவ்தா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். கோடையில் சாபாவின் கைக்கடிகாரம் காணாமல் போனபோது என்னைச் சந்தேகித்ததைச் சொன்னார். அது சாபாவின் கோட்டுப் பையிலேயே கிடைத்தது, அன்றைக்குச் சாவ்தா ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் மறந்ததாக நடித்துக்கொண்டிருந்தேன், மறக்கவில்லை. தேதி மட்டும் இல்லாவிட்டால் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார், நானும் உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருப்பேன். நானும் பஸ்கா இரவில் அவர்கள்மேல் வைத்திருந்த கோபத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அது எனக்கு அன்றே தெரியும். பொத்தான் போடும்போது உன் கையைப் பார்த்தேன்" என்றார்.

ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை. பால்கனியில் குடில் கட்ட வேண்டும். கூரை ஓலையும் கிளையுமாக, வெயிலைவிட நிழல் அதிகமாக, ஆனாலும் இரவில் நட்சத்திரம் தெரியும்படி. சாபா கட்டுவதை நான்கு வருடம் பார்த்திருந்ததால் எந்தக் குழாய் எதில் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானும் பேரனும் கட்டினோம், ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது.

உபாகமம் 16ஆம் அதிகாரத்தில் இந்தப் பண்டிகைக்கு ஒரு கட்டளை இருக்கிறது: சந்தோஷமாயிரு. பஸ்காவைப் பற்றிச் சொல்லும் அந்த அதிகாரத்தின் முதல் வசனங்களில் சந்தோஷம் என்ற சொல்லே வருவதில்லை. இங்கே வருகிறது, யார் யார் என்ற பட்டியலோடு. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. சிறுவயதிலிருந்து தமிழ் வேதாகமத்தில் வாசித்த வசனம்தான். அந்தக் குடிலுக்குள் உட்கார்ந்து வாசித்தபோதுதான் பட்டியலிலிருந்த ஆட்கள் எதிரில் தெரிந்தார்கள். விதவை பிளாஸ்டிக் நாற்காலியில், தகப்பனில்லாத மகள் அவர் பக்கத்தில். வேலைக்காரி, பரதேசி இரண்டும் நான். நம் பேச்சில் பரதேசி என்றால் வசை. அந்த வசனத்தில் அது விருந்துக்கு அழைத்தே ஆக வேண்டியவரின் பெயர். தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தானும் பெண்டாட்டி பிள்ளையும் மட்டும் தின்று குடிப்பவனுடையது பண்டிகைச் சந்தோஷமல்ல, வயிற்றின் சந்தோஷம் என்று 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் எழுதினார். சிரிப்பது யாருக்கு எளிதில்லையோ அவர்களையே பெயர்சொல்லி உட்காரவைக்கும் கட்டளை என்பதால், அது கொடுமையானது என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஹனுக்கா, பூரிம் பண்டிகைகள் அந்த வருடம் அமைதியாகப் போயின. யூத நாட்காட்டியில் 19 வருடத்துக்கு 7 முறை ஒரு மாதம் கூடும், பஸ்கா வசந்தத்தைவிட்டு நகராமல் இருக்க. அந்த வருடம் ஆதார் மாதம் இரண்டு முறை வந்தது. அதனால் சாபாவின் நினைவுநாள் பதின்மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அது என்றைக்கும் இனி பஸ்காச் சுத்தத்தின் நடுவில்தான் வரும்.

நிசான் 11 மாலை, பொழுது சாயும் நேரம். சமையல் மேடை முழுவதும் பஸ்காவுக்காக அலுமினியத் தாள் ஒட்டி முடித்திருந்தேன். 24 மணி நேரம் எரியும் விளக்கைச் சாவ்தா ஏற்றி அதன்மேல் வைத்தார். கீழே தாளிலும் ஒரு சுடர் தெரிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சோபாவுக்கு அடியில் பார்த்தாயா? போன வருடம் அங்கே சரியாகத் தேடவில்லை" என்றார்.