பிக்கப்புக்குப் பின்னால் டிஸ்க் பிரேக்: ஹேண்ட்பிரேக்கை முதலில் முடிவு செய்யுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் பிக்கப்பின் பின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்தப் பட்டறைப் போமனைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: காய்ந்த செம்மண். மழை நாளில் பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டிக்கு பேக்கிங் பிளேட்டின் (டிரம்மின் பின்பக்கத்தை மூடும் தகட்டின்) இடுக்கு வழியாகச் சேறு உள்ளே போகும். போனது வெளியே வராது. டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவையும் டிரம்மையும் அரைத்துக்கொண்டே இருக்கும். அட்ஜஸ்டரின் பல்சக்கரம் துருப்பிடித்து இறுகிவிடும். ஷூ தேயத் தேய இடைவெளி கூடி, பெடல் கீழே இறங்கும். டிஸ்க் போட்டுவிடலாமா என்ற யோசனை அப்போதுதான் வருகிறது.

இரண்டாவது காரணம் மலைப்பாதை. கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமையோடு இறங்கும்போது ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு வளைவும் சரிவும்தான். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க்கோ சூட்டில் தடித்து, தன்னை இரு பக்கமும் கவ்வும் பேடை நோக்கித்தான் வரும், காற்று பட்டுச் சீக்கிரம் ஆறவும் செய்யும். டிஸ்க்கின் உண்மையான ஆதாயம் இவை இரண்டும்தான்: சேறு தங்காது, சூட்டில் பெடல் எளிதில் இறங்காது.

வண்டி இன்னும் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்து மாற்ற வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. வெறும் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. அங்கே பிடிப்பு கூடினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். ஈரச் செம்மண்ணில் அது கண் இமைப்பதற்குள் நடந்துவிடும்.

டிரம் மோசமாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டா என்பதையும் முதலில் பாருங்கள். பலர் தவறவிடுவது ஆக்சில் பிரீதர். ஆக்சில் கூட்டின் மேல் உள்ள அந்தச் சின்ன மூச்சுத்துளை மண்ணால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தாண்டி ஷூவில் வழியும். டிஸ்க் போட்டாலும் அதே எண்ணெய் பேடில் வழியும். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி, பிக்கப்பின் சுமைத்தொட்டிக்கு அடியில் உயரமாகக் கட்டிவிடுவது, டிஸ்க் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை.

இனி ஹேண்ட்பிரேக். டிஸ்க், பேடை அழுத்தும் காலிப்பர், பிராக்கெட் எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு, கடைசியில் "ஹேண்ட்பிரேக் எப்படி?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்கான பதில்தான் எந்த டிஸ்க், எந்தக் காலிப்பர் என்பதையே தீர்மானிக்கிறது. வழி இரண்டு. ஒன்று, டிஸ்க்கின் தொப்பி போன்ற நடுப்பகுதிக்குள் சின்ன ஷூ இருக்கும் வகை. பிடிப்பு உறுதியானது, சுமை ஏற்றும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் அதற்குள்ளும் மண் புகும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து கழுவ வேண்டும். மற்றொன்று, காலிப்பரிலேயே நெம்புகோல் உள்ள வகை. கேபிள் நெம்புகோலை இழுக்க, உள்ளே உள்ள திருகு பிஸ்டனைத் தள்ளும். மாட்டுவது சுலபம். ஆனால் பழைய பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கார் காலிப்பர்கள். ஒரு டன் செம்பனைக் குலை ஏற்றிய பிக்கப்பை மேட்டில் நிறுத்தி வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குலை ஏற்றும் வண்டிக்கு முதல் வகையைத்தான் பரிந்துரைப்போம்.

பிரேக் குழாயை அடைத்து அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் வால்வை ஹேண்ட்பிரேக்காக விற்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். பிரேக் எண்ணெய் ஆற ஆற அழுத்தம் குறையும். மேட்டில் நிறுத்திய வண்டி ஆள் இல்லாத நேரத்தில் நகரும். ஹேண்ட்பிரேக் கம்பியாலோ தண்டாலோதான் பிடிக்க வேண்டும். ஐ.நா.வின் 13ஆம் எண் பிரேக் விதி கேட்பது, முழுச் சுமையோடு 18 விழுக்காட்டுச் சரிவில் வண்டி நிற்க வேண்டும் என்பது, அதாவது 100 மீட்டருக்கு 18 மீட்டர் ஏற்றம். ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் சுமையோடு சோதித்துப் பாருங்கள்.

காலிப்பர் பிஸ்டனின் அளவு அடுத்தது. டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் 22 மி.மீ. பிரேக் பம்பில் ஒரு பிஸ்டனின் பரப்பு 380 சதுர மி.மீ. 43 மி.மீ. காலிப்பர் பிஸ்டனுக்கு 1,452. கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்பதால் பிரேக்கும் நான்கு மடங்காகும் என்று எண்ணிவிடக் கூடாது. டிரம்மில் முன்னோக்கிய ஷூவைச் சுழற்சியே இழுத்து இறுக்கிக்கொள்ளும். பம்ப் தரும் விசையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இழுவை அதனால் கிடைக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேடின் உராய்வு எண் 0.4 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.8தான். கணக்குப் போட்டால் 43 மி.மீ. பிஸ்டன் பழைய டிரம்மின் பலத்துக்கு அருகில் வந்து நிற்கும். 54 மி.மீ. எடுத்தால் பரப்பு 2,290 ஆகும், வெறும் வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டும். பெரியது நல்லது என்ற எண்ணம் இங்கே ஆபத்து.

பெடலோடு இணைந்த மாஸ்டர் பம்பை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பேட் டிஸ்க்கை ஒட்டி இருந்தால் பிஸ்டன் அரை மி.மீ. கூட நகர வேண்டியதில்லை, பழைய பம்பே போதும். பெரிய பம்ப் போட்டால் பெடல் கெட்டியாகும், ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் குறைந்துவிடும். பழைய வண்டிகள் சிலவற்றில், டிரம்முக்காகக் குழாயில் சுமார் 0.7 பார் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறு வால்வு இருக்கும். அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிப்பது எளிது: சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விட்டுக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்து, காலிப்பரில் காற்று எடுக்கும் பிளீட் நிப்பிளைச் சற்றுத் திறந்ததும் இலேசானால், அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது.

ஆக்சிலுக்கு மேல் ஒரு நெம்புகையோடு இருக்கும் சுமை அறியும் வால்வைக் கழற்றவே கூடாது. சுமை ஏறி பாடி தாழ்ந்தால் பின்பக்கத்துக்கு அழுத்தத்தைக் கூட்டி, வெறுமையானால் குறைப்பது அதுதான். வண்டியை உயர்த்தியிருந்தால், சுமை இருந்தாலும் வெறும் வண்டி என்றே அது நினைத்துக்கொள்ளும். உயர்த்திய அளவுக்கு அதன் பிராக்கெட்டையும் சரி செய்யுங்கள். வால்வுக்குப் பதிலாக ஏபிஎஸ் கணினியே பின்பக்க அழுத்தத்தைப் பங்கிடும் புதிய வண்டிகளில், அந்தக் கணக்கு டிரம்முக்காகப் போடப்பட்டது. அவற்றில் அதே மாடலுக்கென்று செய்த முழு செட் கிடைத்தால் ஒழிய கை வைக்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது 6 நட்டு, 139.7 மி.மீ. வட்டம் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பார்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், ட்ரைட்டன் மூன்றுக்கும் அதே வட்டம்தான். நடுத்துளையோ ஹைலக்ஸ் வீலில் 106.1, ரேஞ்சரில் 93.1, ட்ரைட்டனில் 67.1. டிஸ்க் ஆக்சில் நடுவில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஆட்டம் இருந்தால் லேத்தில் வளையம் கடைந்து போடுங்கள். டிஸ்க்கின் தடிமன் சேரும்போது வீல் போல்ட்டில் மிஞ்சும் மரை குறையும். 12 மி.மீ. போல்ட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. மரையாவது பிடிக்க வேண்டும். பழைய ரிம்மைக் காலிப்பர் மேல் மாட்டிச் சுற்றி, எங்கும் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலைக்கு வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டிரம் தூசியைக் காற்றடித்துப் பறக்க விடாதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவுங்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பேக்கிங் பிளேட்டின் நான்கு நட்டுகளைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டைச் சுத்தியல் புல்லரால் இழுத்தெடுங்கள். ஹைலக்ஸ் வகை ஆக்சிலில் பேக்கிங் பிளேட் பேரிங்குக்கும் ஃபிளாஞ்சுக்கும் (வீல் மாட்டும் முனைத்தட்டுக்கும்) நடுவில் சிக்கியிருக்கும், பிரஸ் இல்லாமல் வராது. இரண்டாகப் பிளந்த பிராக்கெட் கிடைத்தால் அந்த வேலை மிச்சம். எப்படியானாலும் ஷாஃப்ட் வெளியே வந்த பிறகு ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், ஏனென்றால் ஆடும் டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிடும், முதல் மிதி வெறும் மிதியாகப் போகும்.

ஃபிளாஞ்சின் துருவை எமரி தாளால் சுத்தமாக எடுத்து டிஸ்க்கை வைத்து, வீல் நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துச் சுற்றுங்கள். ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.05 என்றால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பாருங்கள். காலிப்பர் பிராக்கெட் டிஸ்க்குக்கு இணையாக நிற்கிறதா என்று இரு முனையிலும் அளந்து ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள்.

குழாய் 4.75 மி.மீ., இரட்டை ஃபிளேர், நட்டு 10 மி.மீ.க்கு 1.0 மரை. நழுவும் காலிப்பருக்கு இரும்புக் குழாயை நேராக மாட்டினால் நாளடைவில் அது விரிசல் விட்டு உடையும். நடுவில் ரப்பர் ஹோஸ் இருந்தே ஆக வேண்டும். செம்பு வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

பிளீட் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடம் வலம் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று வெளியேறாது. பெடல் பஞ்சு போலவே இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். காற்று எடுக்கும்போது ஆக்சிலைத் தொங்க விடாதீர்கள், சுமை வால்வு மூடிக்கொள்ளும். ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியிலேயே கொடுத்து, மாஸ்டர் பம்புக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, வால்வில் நிப்பிள் இருந்தால் அதைக் கடைசியில் எடுங்கள். டாட் 4 எண்ணெய் போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பின் 155 வரை இறங்கும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நெம்புகோல் காலிப்பராக இருந்தால் பிஸ்டனை அழுத்தித் தள்ளாமல் திருகித்தான் உள்ளே விட வேண்டும். கேபிளும் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். நெம்புகோல் முழுதாகத் திரும்பாவிட்டால் உள்ளே உள்ள அட்ஜஸ்டர் வேலை செய்யாது.

பேடைப் பழக்க, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு மிதமாக மிதித்துக் குறையுங்கள். நடுவில் ஆற விட்டு, பத்து முறை செய்யுங்கள். சூட்டோடு பெடலை மிதித்தபடி நிறுத்தி வைக்க வேண்டாம். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத மண் தரையில், வெறும் வண்டியில், 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிடித்து, வெளியிலிருந்து ஒருவரைத் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் பூட்டும் முன் பின்சக்கரம் பூட்டினால் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. சின்ன பிஸ்டனுக்கோ, உராய்வு குறைந்த பேடுக்கோ மாறுங்கள்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை மாற்றுவது ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) கண்ணுக்கு உட்பட்டது. வேலை தொடங்குமுன்பே அருகிலுள்ள கிளையில் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பாகங்களின் பில், பிராக்கெட் செய்த கடையின் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

சேற்றில் ஓடும் வண்டியில் டிஸ்க் பேட் ஷூவை விடச் சீக்கிரம் தேயும். மாதம் ஒருமுறை ரிம் வழியாகப் பேடின் தடிமனைப் பாருங்கள், 3 மி.மீ. ஆனால் மாற்றுங்கள். தூசி மறைப்புத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சரளைக்கல் சிக்கினால் கிறீச்சென்று கேட்கும், வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். காலிப்பர் நழுவும் பின்களைக் கழற்றி, சிலிக்கோன் பிரேக் கிரீஸ் தடவி, ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.