தீர்ப்பு நகலில் வயது இல்லை

போன வெள்ளிக்கிழமை அமெரிக்க நீதித் துறையிலிருந்து கடிதம் வந்தது. பாலியல் குற்றவாளிகள் பதிவேடு விஷயத்தில் நான் வேலை பார்க்கும் அமெரிக்க மாநிலம் மத்தியச் சட்டத்தை இன்னும் போதுமான அளவு நிறைவேற்றவில்லையாம். பதினான்கு மாத உழைப்பு. மனசு ஆறவில்லை. அமெரிக்க மாநில அரசுகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் இந்தப் பதிவேட்டுப் பக்கம் வந்து சேர்கிறார்கள். அவர்களாவது நான் பட்டதைப் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சோர்னா என்று நாங்கள் சொல்வது 2006-இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டத்தின் முதல் பகுதியை. அது கேட்கும், குற்றவாளி நேரில் வரவேண்டிய கால அட்டவணை, பொது இணையதளம், அவர் முகவரி மாறினால் 3 வேலை நாளுக்குள் நேரில் வந்து சொல்வது, வெளிநாட்டுப் பயணத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு எல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது பழைய வழக்குகளில்.

சட்டம் குற்றவாளிகளை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. ஒருவரை எந்த அடுக்கில் வைப்பது என்பது பல வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் வயதை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரே வகைக் குற்றம்தான். குழந்தை 13 வயதுக்குக் கீழே என்றால் மூன்றாம் அடுக்கு: ஆயுள் முழுக்கப் பதிவு, 3 மாதத்துக்கு ஒரு முறை நேரில் வரவேண்டும். 13 முதல் 17 வயது என்றால் இரண்டாம் அடுக்கு: 25 ஆண்டு, 6 மாதத்துக்கு ஒரு முறை. ஆனால் பழைய தீர்ப்பு நகலில் சட்டப் பிரிவின் எண்ணும் தண்டனையும்தான் இருக்கும். வயது இருக்காது.

அப்படி ஒரு கோப்பு. பக்கத்து மாநிலத்தில் 1987-இல் தண்டனை பெற்றவர், இப்போது எங்கள் மாநிலத்தில் வசிக்கிறார். அந்த நீதிமன்றத்துக்கு இரண்டு கடிதம் போட்டோம், ஆறு வாரம் பதிலே இல்லை. கடைசியில் நானே நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "அந்த வருஷத்துக் கோப்பு இங்கே இல்லை, கிடங்கில் இருக்கிறது. வியாழக்கிழமைதான் வண்டி வரும்" என்றார். அன்று செவ்வாய். முதல் நாளே போன் செய்து இதைத்தான் கேட்டிருந்தேன். நேரில் வாருங்கள், கிடைக்கும் என்று சொன்னதும் அதே அலுவலகம்தான்.

திரும்பி வந்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். கோப்பு வந்திருந்தது. நகலுக்குக் கட்டணம் காசோலையாகத்தான் வேண்டும் என்றார்கள். நல்லவேளை, பையில் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஏற்கெனவே எங்களிடம் இருந்த அதே தீர்ப்பு, இரண்டு பக்கம். தண்டனைக்கு முந்தைய விசாரணை அறிக்கையில் விவரம் இருக்கும், ஆனால் அது சீலிட்டது, தர மாட்டார்கள்.

கிளம்ப எழுந்தபோது, உள்ளே வேறு மேசையில் இருந்த வயதான ஊழியர் ஒருவர், "தீர்ப்பை ஏன் கேட்கிறீர்கள்? குற்றப்பத்திரிகையைக் கேளுங்கள். அது ஃபிலிமில் தனியாக இருக்கும்" என்றார். ஒரு சின்ன அட்டைப் பெட்டி, மேலே பென்சிலில் எழுதிய எண். அவரே படிக்கும் கருவியில் ஃபிலிம் சுருளை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நிறுத்தினார். மங்கிய தட்டச்சு எழுத்தில் மூன்றாவது வரியில் இருந்தது: பாதிக்கப்பட்டவர் 9 வயதுச் சிறுமி.

கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு நொடி வந்தது உண்மை. அப்புறம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமும் அந்த ஆள் எங்கள் பதிவேட்டில் மிகக் கீழான அடுக்கில், வருடத்துக்கு ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாள் குறைந்ததால்.

அதனால் முதலிலேயே குற்றப்பத்திரிகையைக் கேளுங்கள். கோப்பு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொல்வதை நம்பிப் புறப்படாதீர்கள். காசோலைப் புத்தகமும் எடுத்துப் போங்கள்.

இதிலும் ஒரு சிக்கல். வயது தெரிந்துவிட்டது என்பதற்காகப் பழைய ஆளை உடனே மேல் அடுக்குக்கு மாற்றிவிட முடியாது. இந்தச் சட்டத்தை நிறைவேற்றியதாக செப்டம்பர் 2009-இல் முதலில் ஏற்கப்பட்ட மாநிலம் ஒஹாயோ. அங்கேயே, நீதிமன்றம் ஏற்கெனவே வகைப்படுத்தியவர்களை அரசுத் தலைமை வழக்கறிஞர் மறுபடி வகைப்படுத்தியது செல்லாது என்று 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-இல் பழைய குற்றங்களுக்குப் புதுச் சட்டம் பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. எங்கள் அலுவலகத்தின் சட்ட ஆலோசகர்கள் அந்தத் தீர்ப்புகளைக் காட்டி, அடுக்கு மாற்றத்துக்கு இரண்டு மாதம் கையெழுத்தே போடவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் பயம் நியாயம்தான்.

கடிதம் சொன்ன இரண்டு குறைகளில் ஒன்று இந்தப் பழைய வழக்குகள். இன்னொன்று உள்ளங்கை ரேகை. சட்டம் விரல் ரேகையோடு அதையும் கேட்கிறது. எங்கள் சிறிய கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) ஷெரீஃப் அலுவலகங்களில், அதாவது உள்ளூர்க் காவல் அலுவலகங்களில், விரல் மட்டும் வைக்கிற பழைய ஸ்கேனர்தான். ஒரு இடத்தில் மையைத் தடவித் தாளில் எடுத்து வைத்திருந்தார்கள், பாதி அழிந்திருந்தது. இதை நான் முதல் மாதமே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நிறைவேற்றாத மாநிலத்துக்கு, காவல், நீதிப் பணிகளுக்காக மத்திய அரசு தரும் பர்ன் நீதி உதவி மானியத்தில் 10 சதவீதம் வெட்டு. இதனால்தான் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, நிறைவேற்றும் செலவைவிட இழப்பு குறைவு என்று ஒதுங்கிக்கொண்டன. ஆனால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். வெட்டிய அந்தப் பணத்தை, இந்தச் சட்டத்தை நிறைவேற்றும் வேலைக்கே செலவிடுகிறோம் என்று விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். எங்கள் நிதிப் பிரிவில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. கடிதம் வந்த அன்று மாலையே உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினேன். பதினோரு கவுண்டிகளுக்கு உள்ளங்கை ஸ்கேனர். பட்டியலில் முதல் பெயர், அந்த மைத்தாள் வைத்திருந்த கவுண்டி.