சர்வே அட்டவணையும் நான் கோட்டைவிட்ட 8 மார்க்கும்

இரண்டாம் செமஸ்டர் புள்ளியியல் தாளில் எனக்கு 8 மார்க் போனது வகுத்தலில். கால்குலேட்டர் மேல் தப்பில்லை. நான்தான் எல்லாக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு மொத்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வைத்திருந்தேன். சர்வே அட்டவணையைக் கொடுத்து நிகழ்தகவு கேட்டால் பலரும் வழுக்கும் இடம் இதுதான். மேலே எந்த எண் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். கீழே எந்த எண் என்பதில்தான் தடுமாறுவோம்.

அதற்கப்புறம் நான் உட்கார்ந்து பழகியது ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளோடு இலவசமாக வரும் ஒரு பழைய தரவில். பெயர் ‘ஹேர்ஐகலர்’. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த 592 மாணவர்களின் முடி நிறமும் கண் நிறமும் அதில் இருக்கின்றன. 1974இல் வெளியான தரவு. (நம் ஊர் வகுப்பில் இதே சர்வே எடுத்தால் கறுப்பு என்ற ஒரே வரிசையோடு வேலை முடிந்துவிடும்.) ஆண், பெண் பிரிவும் அதில் உண்டு. ஆனால் அது பாடம் நடத்துவதற்காகப் பின்னால் சேர்த்தது என்று அதன் உதவிப் பக்கமே சொல்வதால், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பொன்னிற முடி உள்ளவர்கள் 127 பேர். நீலக் கண் உள்ளவர்கள் 215 பேர். இரண்டும் உள்ளவர்கள் 94 பேர். இந்த மூன்று எண்ணையும் மொத்தம் 592ஐயும் வைத்துக்கொண்டே பரீட்சையில் வரும் கேள்விகளில் முக்கால்வாசியைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு மாணவரைச் சமவாய்ப்பில் எடுக்கிறோம். அவருக்கு நீலக் கண் இருக்க நிகழ்தகவு 215/592, அதாவது 0.363. இதில் யாருக்கும் சிக்கல் வராது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் இருக்க? 94/592 = 0.159. இங்கேதான் சிலர் 127/592ஐயும் 215/592ஐயும் பெருக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளாக இருந்தால் மட்டுமே அது செல்லும். அப்படி இருந்திருந்தால் இரண்டும் உள்ளவர்கள் ஏறக்குறைய 46 பேர்தான் இருந்திருப்பார்கள். அட்டவணையிலோ 94 பேர், இரண்டு மடங்குக்கும் மேல். விடை கட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கும்போது சூத்திரத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை.

‘அல்லது’ என்று கேட்டால் 127ஐயும் 215ஐயும் கூட்டி 94ஐக் கழிக்க வேண்டும். 248/592 = 0.419. கழிக்க மறந்தால் அந்த 94 பேரையும் இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

சரி, என் 8 மார்க் போன இடத்துக்கு வருவோம். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ‘கிவன் தட்’ (‘இது தெரிந்திருக்க’) என்ற இரண்டு சொல் கண்ணில் பட்டால் நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்குள் மட்டும் பார்க்கும் நிகழ்தகவு என்று பிடித்துவிடுவேன். அந்தத் தடவை அந்தச் சொற்களே இல்லாமல் கேட்டிருந்தார்கள். இப்போது கேள்வியை முதலில் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். “பொன்னிற முடி உள்ளவர்களில் ஒருவருக்கு நீலக் கண் இருக்க…” என்று சொல்லும்போதே ‘களில்’ வந்து விழுந்துவிடுகிறது. அந்தக் ‘களில்’ எந்தக் கூட்டத்தோடு ஒட்டுகிறதோ அந்தக் கூட்டத்தின் எண்தான் பகுதி, அதாவது கீழே போட வேண்டிய எண். இங்கே 94/127 = 0.740. திருப்பிப் போட்டு, நீலக் கண் உள்ளவர்களில் ஒருவருக்குப் பொன்னிற முடி இருக்க? மேலே அதே 94 பேர்தான், ஆனால் கீழே 215, விடை 0.437. நான் எழுதி வைத்ததோ இதே மாதிரி இரண்டு கேள்விக்கும் மொத்தத்தால் வகுத்த ஒரே விடை. இரண்டு தனித்தனிக் கேள்விக்கு ஒரே விடை வந்தபோதாவது எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை.

கையில் பென்சில் இருந்தால் இன்னொன்றும் செய்வேன். நிபந்தனை எந்த வரிசையைச் சொல்கிறதோ அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, மற்ற வரிசைகளை லேசாக அடித்துவிடுவேன். கோட்டுக்குள் இருப்பவர்கள்தான் இனி மொத்தம். சில தாள்களில் ஓரக் கூடுதல்களை (ஒவ்வொரு வரிசைக்கும் பத்திக்கும் ஓரத்தில் எழுதும் மொத்தங்களை) கொடுக்காமல் கட்டங்களை மட்டும் கொடுப்பார்கள். அப்போது கூடுதல்களை முதலில் எழுதிக்கொண்டு, அடியில் 592 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கில் இறங்குவேன்.

கடைசியாக, இரண்டு பேரை எடுக்கும் கணக்கு. ஒருவரை எடுத்தபின் அவரைத் திரும்பச் சேர்க்காமல் அடுத்தவரை எடுத்தால், இருவருக்கும் பொன்னிற முடி இருக்க நிகழ்தகவு (127/592) × (126/591) = 0.0457. திரும்பச் சேர்த்தால் 0.0460. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் இரண்டுமே 0.05தான். அதனால் 126/591 என்ற அந்தப் படியை விடைத்தாளில் எழுதிக் காட்டிவிடுவேன், கால்குலேட்டரில் மட்டும் தட்டிவிட்டு நகர்வதில்லை.