மூன்று மூலை படியும், நான்கு மூலை வளையும்

பாசிமணி நகை செய்பவர்கள் இதை ஒருதடவை செய்து பாருங்கள். பெயோட்டே தையலில் (ஊசிநூலால் மணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இடைவெளியில் பொருத்திக் கோர்க்கும் முறை) மூன்று மணியை வளையமாகக் கட்டி, சுற்றுக்குச் சுற்று மூலையில் இரண்டிரண்டு மணியும் பக்கங்களில் ஒவ்வொன்றும் சேர்த்தால் தட்டையான முக்கோணம் வரும். அதையே நான்கு மணியில் தொடங்கினால்? சதுரம் வராது. எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலே எழும், மற்ற இரண்டும் கீழே இறங்கும்.

எல்லாம் கணக்குதான். மையத்திலிருந்து பார்த்தால் அடுத்தடுத்த மூலைகளுக்கு நடுவே 120 பாகை. மூன்று சேர்ந்தால் 360, மேசையில் படிந்துவிடும். நான்கு சேர்ந்தால் 480. தட்டையில் அதற்கு இடமேது? இந்த வளைவு என்றால் எனக்கு உயிர். இரண்டு துண்டுகளின் ஓரங்களைச் சேர்த்தால் மேடும் பள்ளமும் ஜிப் மாதிரி பொருந்தும். அப்படியே காதணி, பதக்கம் என்று வளர்த்துக்கொண்டு போகலாம்.

மணி மட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சாதாப் பாசியில் ஒன்று தடிமன், ஒன்று மெலிவு, ஓரம் கோணிவிடும். ஜப்பானின் மியுகி நிறுவனம் செய்யும் டெலிகா என்ற உருளை மணி விலை கூடத்தான், ஆனால் சுவர் மெல்லியது, துளை பெரியது, நூல் பலமுறை போய்வரும். கடையில் 11/0 என்று குறிக்கும் மணி அளவு போதும். நூலை இழுத்துப் பிடித்தே தையுங்கள், தொய்ந்தால் வளைவு நிற்காது. அப்புறம், மூலை மணிகளுக்கு வேறு நிறம் போட்டால் சுற்று தவறாது.