நாற்பது காபிக் குவளைகள்: விற்பனைக்கான முதல் சுற்று

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொழுதுபோக்காகச் செய்யும் மண்பாண்ட வேலை விற்பனைக்குப் போக வேண்டுமென்றால் ஒரே பொருளை ஒரே அளவில் திரும்பத் திரும்ப வனைய வர வேண்டும். அதனால் இந்தச் சுற்றுக்கு ஒன்றே ஒன்று: கைப்பிடி வைத்த 300 மில்லி காபிக் குவளை, 40 எண்ணம். ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் வகை), மின்சூளை, கிளேஸ் சூடு (கண்ணாடிப் பூச்சான கிளேஸ் போட்டபின் சுடும் இரண்டாம் சூடு) 1220 டிகிரி செல்சியஸ்.

முதல் வேலை, மண்ணின் சுருக்கத்தை அளப்பது. ஈரமண் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி, கிளேஸ் சூடு வரை சுட்டு எடுத்தால் 8.8 செ.மீ. நிற்கிறது. சுருக்கம் 12 சதவீதம். நீளத்தில் 12 என்றால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 0.88-ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.68. ஆகவே சுட்டபின் 300 மில்லி பிடிக்க, சக்கரத்தில் 440 மில்லி பிடிக்க வேண்டும்: உள் அகலம் 8 செ.மீ., ஆழம் 8.8 செ.மீ. உருண்டை ஒவ்வொன்றும் 360 கிராம், தராசில் வைத்தே எடுத்தது. உயரத்துக்கும் வாய்க்கும் அளவு வெட்டிய மூங்கில் குச்சி பக்கத்திலேயே இருக்கட்டும். பத்தாவது குவளைக்கு மேல் கண் ஏமாற்றும்.

அடியை மரத்தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் காயும்போது அடியில் ‘எஸ்’ வடிவத்தில் விரிசல் விடும்.

அதிக நஷ்டம் கைப்பிடியில்தான். குவளை அரைக்காய்ச்சலுக்கு வந்து, விரல் வைத்தால் தடம் விழாமல், நகம் வைத்தால் மட்டும் கீறல் விழும் பதத்தில் ஒட்ட வேண்டும். 60 கிராம் மண்ணை ஈரக் கையால் உருவி நீட்டிய கைப்பிடியும் கொஞ்ச நேரம் காற்றில் உலர்ந்து அதே பதத்துக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணில் சில சொட்டு வினிகர் விட்டுக் கரைத்த குழம்பைத் தடவி, உள்ளே ஒரு விரலை முட்டுக் கொடுத்து அழுத்தினால் ஓரத்தில் குழம்பு பிதுங்கி வரும். வராவிட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவதே மேல். மெல்லிய கைப்பிடி உடம்புக்கு முன்னே காய்ந்து சுருங்குவதால் மேல் இணைப்பு பிளக்கும். ஒரு நாள் முழுக்க பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, பிறகு தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் காய விட்டால் இது பெருமளவு குறையும். மே மாத வெயில் காற்றில் மூடாமல் விட்ட மூன்று குவளைகளுக்கும் விரிசல் அதே இடத்தில்தான்.

பிஸ்க் சூட்டுக்கு (கிளேஸ் போடுவதற்கு முன் சுடும் முதல் சூடு) முன் குவளையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, 600 வரை மணிக்கு 80 டிகிரி, அதற்கு மேல் 120 வீதம் ஏற்றி 1000-ல் முடித்தது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் பாத்திரம் வெடித்துப் பிளப்பது அதனால்தான்.

கிளேஸ் கலவை 100 மில்லிக்கு 145 கிராம் எடை, குவளையை அதில் மூன்று விநாடி முக்கி எடுப்பது. விரல் எண்ணெயோ தூசியோ பட்ட இடத்தில் கிளேஸ் ஒதுங்கிச் சுருளும். முக்குவதற்கு முன் ஈரப் பஞ்சால் துடைப்பது கட்டாயம். அடி வளையத்துக்கு மேல் 5 மி.மீ. வரை கிளேஸைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். 1971-ல் மண்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய புதுச்சேரியில், குவளையைத் தூக்கியதும் அடியைத் திருப்பிப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. சொரசொரப்பான அடி மேசையைக் கீறும், ஆகவே ஒவ்வொன்றையும் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். உலர்ந்த மண்தூசியைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அதிலுள்ள சிலிக்கா என்ற நுண்மணல் தூள் நுரையீரலில் தங்கும். ஈரத்துணி மட்டும்.

உணவுக்கு விற்பதால் ஈயம் கலந்த கிளேஸுக்கு இடமே இல்லை. எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்து நிறம் மாறினால் அந்தக் கிளேஸை அலங்காரப் பொருளுக்கு ஒதுக்கலாம். கிளேஸ் போடாமல் 1220-ல் சுட்ட 200 கிராம் மண்துண்டை இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு எடைபோட்டதில் 203 கிராம். 1.5 சதவீதம் தண்ணீர் உறிஞ்சல், குவளைக்குப் போதும்.

இப்போது கணக்கு. 40-ல் காயும்போது 3, பிஸ்க்கில் 1, கிளேஸில் 4 போய் 32 தேறியது. குவளைக்கு 40 நிமிடம் வீதம் 40-க்கும் செலவான நேரத்தை 32-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 50 நிமிடம். மணிக்கு 150 ரூபாய் கூலி வைத்தால் 125. இரண்டு சூட்டுக்கும் சேர்த்து 85 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் குவளைக்கு 27. மண் 21, கிளேஸ் 15, சூளைத் தேய்மானம் 15, அட்டைப்பெட்டி 40. மொத்தம் 243. கடைக்காரர் 40 சதவீதம் எடுத்தால் 450 ரூபாய்க் குவளையில் கைக்கு வருவது 270, மிச்சம் 27. நேரடியாக விற்கும் பங்கைக் கூட்டாமல் கடைகளை மட்டும் நம்பிச் சம்பள வேலையை விடுவது சரியல்ல.

தீபாவளி ஆர்டர் வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். அக்டோபர் ஈரத்தில் குவளை காய்வதற்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். அடுத்த சுற்று 80 குவளை ஆகஸ்டிலேயே பிஸ்க் முடிந்து அலமாரியில் இருக்க வேண்டும்; ஆர்டர் வந்தபின் கிளேஸ் மட்டும்.